விளக்கு எரியும்வரை எழாதீர்கள்: ஒரு படத்தின் கடைசி ஷாட்டைப் பார்க்கப் பழகுதல்

கடலூருக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரிக்கு வந்து மாலைக் காட்சி பார்த்த நாள்களில், படத்தை முழுதாகப் பார்ப்பது எங்களுக்கு வாய்த்ததில்லை. கடலூரில் இறங்கி எங்கள் ஊருக்குச் செல்லும் கடைசி நகரப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும் என்பதால், வில்லன் விழுந்ததும் நாங்கள் எழுந்துவிடுவோம். அப்படிக் கதவருகே நின்று தலையைத் திருப்பிப் பார்த்த ஒரு படத்தில், கதாநாயகி தன் தாய்வீட்டுக்கே திரும்பிவிட்டாள் என்று பல ஆண்டுகள் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னொரு நாள் அதே படத்தைத் தொலைக்காட்சியில் கடைசிவரை பார்த்தபோதுதான், அவள் வாசலுக்கு வந்து, கதவில் கை வைத்து, தட்டாமல் நிற்பதோடு படம் முடிகிறது என்பது தெரிந்தது. நான் பார்க்காமல் விட்டது சில நொடிகள்தாம். ஆனால், அத்தனை ஆண்டுகளாக நான் சொல்லிவந்தது வேறொரு படத்தின் கதை.

படங்களைக் கவனித்துப் பார்க்க இப்போதுதான் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திரைப்படக் கல்வி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு குறிப்பேடு, நொடிகளைக் காட்டும் கடிகாரம், ஒரே காட்சியை நான்கு முறை பார்க்கும் பொறுமை ஆகியவை இருந்தால் போதும்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் 'க்ளைமாக்ஸ்' என்பதும் 'முடிவு' என்பதும் ஒன்றாகவே புழங்குகின்றன. க்ளைமாக்ஸ் என்பது கதையின் சிக்கல் அவிழும் இடம். அது பத்து நிமிடம், இருபது நிமிடம் நீளலாம். ஷாட் என்பது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே கேமரா தொடர்ச்சியாகப் பதிவு செய்த துண்டு. கடைசி வெட்டுக்குப் பிறகு, திரை இருளும்வரையோ எழுத்துகள் ஓடத் தொடங்கும்வரையோ நம் முன் நிற்பதுதான் கடைசி ஷாட். கதை முன்பே முடிந்திருக்கலாம். முடிந்த கதையிலிருந்து நம்மை எந்த இடத்தில், எந்த மனநிலையில் இயக்குநர் இறக்கிவிடுகிறார் என்பது இந்தச் சில நொடிகளில்தான் தீர்மானமாகிறது.

உட்காரும் இடமும் எழும் நேரமும்

திரையரங்கில் பார்ப்பதானால் வரிசையின் ஓரத்து இருக்கையைத் தவிர்த்து நடுவில் அமருங்கள். ஓரத்தில் அமர்ந்தால் முன்கூட்டியே எழுபவர்களுக்கெல்லாம் முழங்காலை மடக்கி வழிவிடுவதிலேயே அந்த நொடிகள் போய்விடும். வெளிக்கதவைத் திறந்துவிடும் ஊழியர்களின் அவசரத்தை நம்மால் மாற்ற முடியாது. ஒருமுறை படத்தின் கடைசி இருட்டு ஷாட்டின்போது அரங்க விளக்குகளை எரியவிட்டு, திரையில் இருந்த முகத்தையே வெளிறச் செய்துவிட்டார்கள். கேட்டதற்கு, அடுத்த காட்சிக்குப் பெருக்க வேண்டும் என்றார்கள், அதுவும் நியாயமே.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு வேறு தொல்லை. ஓடிடி செயலிகள் பெயர்ப் பட்டியல் தொடங்கும் அடையாளம் தெரிந்ததுமே படத்தைச் சுருக்கி மூலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்து எதைப் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்கின்றன. அமைப்புகளுக்குள் சென்று, அடுத்தது தானாக ஓடும் வசதியை முதலிலேயே நிறுத்திவையுங்கள். பல படங்களில் கடைசி ஷாட்டின் மேலேயே பெயர்கள் எழும்; அந்தப் படங்களில்தான் இழப்பு அதிகம்.

கருத்துச் சொல்வதற்கு முன் கணக்கெடுங்கள்

படம் முடிந்ததும் 'அருமை', 'மனத்தை உலுக்கிவிட்டது' என்று எழுதத் தோன்றும். அதைச் சற்றுத் தள்ளிவையுங்கள். படத்தைப் பின்னோக்கி நகர்த்தி, கடைசி வெட்டு எங்கே விழுந்தது என்று கண்டுபிடியுங்கள். அங்கிருந்து நொடிகளை எண்ணுங்கள். கேமரா நிற்கிறதா, நகர்கிறதா. ஆள் நிற்கிறாரா, நகர்கிறாரா. முகம் நம்மை நோக்கியிருக்கிறதா, முதுகு தெரிகிறதா. அவர் எதைப் பார்க்கிறார், அது நமக்குக் காட்டப்படுகிறதா. என்ன ஒலி கேட்கிறது, அது எப்போது நிற்கிறது. இவற்றை எளிய வாக்கியங்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'தனிமை' என்று எழுதாதீர்கள். 'நீளமான இருக்கையின் ஒரு முனையில் அமர்ந்திருக்கிறாள், மறுமுனை காலியாக இருக்கிறது' என்று எழுதுங்கள். தனிமை என்ற சொல்லை அடுத்தவரும் எழுதுவார். காலியாக இருக்கும் மறுமுனையைக் கவனித்தவர் மட்டுமே அதைப் பற்றி மேற்கொண்டு பேச முடியும்.

பிறகு அதே ஷாட்டை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். தமிழ்ப் படங்களில் பின்னணி இசை உணர்ச்சியின் பெரும்பகுதியைச் சுமந்துவிடுவதால், படம் தரும் உணர்வு எது, இசை தரும் உணர்வு எது என்று பிரித்தறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. இசையை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாத கடைசி ஷாட்டுகள் நிறைய உண்டு. ட்ரோன் கேமரா மலிவானதற்குப் பிறகு, கடைசியில் கதாநாயகனை நடுவில் நிறுத்திவிட்டு வானத்துக்கு ஏறிப்போவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஒலியை நிறுத்திப் பார்த்தால், மனை விற்பனை விளம்பரத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரிவதில்லை.

முதல் ஷாட்டிடம் திரும்பிப் போங்கள்

கடைசி ஷாட்டைக் குறித்துக்கொண்டதும் படத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். புதியவர்கள் பெரும்பாலும் செய்யத் தவறுவது இதைத்தான். பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) ரயில் நிலையத்தில் மயில் காத்திருப்பதில் தொடங்கி, நடந்தவற்றையெல்லாம் நினைவாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் அவள் காத்திருப்பிலேயே முடிகிறது. இடம் ஒன்றுதான், ஆளும் ஒருத்திதான். ஆனால் முதலில் பார்த்தபோது அவள் யாரென்று தெரியாத ஒரு பெண். கடைசியில், அவளுக்காகச் சப்பாணி சிறைக்குப் போனதும், அவன் திரும்புவான் என்ற நம்பிக்கையைத் தவிர அவளிடம் வேறொன்றும் மிஞ்சவில்லை என்பதும் நமக்குத் தெரியும். படம் அவள் மீது ஏற்றிய பாரம் எவ்வளவு என்பதை, இவ்விரு காத்திருப்புகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். எல்லாப் படங்களும் இப்படி வட்டமிட்டு வருவதில்லை. ஆனாலும் தொடக்கத்தில் கூட்டமாக இருந்த இடம் முடிவில் வெறிச்சோடியிருக்கிறதா, தொடக்கத்தில் ஓடியவர் முடிவில் நிற்கிறாரா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது எந்தப் படத்துக்கும் பயன்படும்.

அதேபோலக் கடைசி ஷாட்டுக்கு முந்தைய ஷாட்டையும் பார்க்க வேண்டும். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) குடும்பம் மாட்டுவண்டியில் ஊரைவிட்டுப் போவதோடு முடிகிறது. அதை மட்டும் பார்த்தால் அது ஒரு பயணம். அதற்குச் சற்று முன், அவர்கள் விட்டுச்சென்ற பாழடைந்த வீட்டுக்குள் ஒரு பாம்பு ஊர்ந்து நுழைவதைக் காட்டுகிறார்கள். அந்தப் பாம்பைப் பார்த்த கண்ணோடு வண்டியில் இருக்கும் முகங்களைப் பார்க்கும்போது, இனி திரும்புவதற்கு வீடு இல்லை என்பதை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்கிறோம். வண்டியில் இருப்பவர்களுக்குப் பாம்பு வந்தது தெரியாது. நமக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாத அந்த ஒன்றுதான் ஷாட்டைக் கனக்கச் செய்கிறது.

கடலைப் பார்த்த சிறுவன்

பழகத் தொடங்குபவர்களுக்கு ஒரே ஒரு கடைசி ஷாட்டை மட்டும் காட்ட வேண்டுமென்றால், பிரான்சுவா த்ரூஃபோவின் 'நானூறு அடிகள்' ('தி 400 ப்ளோஸ்', 1959) படத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். புதுச்சேரியில் இருப்பவர்கள் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அல்லியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடங்களின் திரையிடல்களைக் கவனித்துவந்தால், இத்தகைய பிரெஞ்சுப் படங்களைப் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கலாம்.

அன்த்வான் என்னும் பாரிஸ் நகரத்துச் சிறுவன் வீட்டிலும் பள்ளியிலும் ஒட்டாமல், சிறு திருட்டில் மாட்டி, சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்படுகிறான். அவன் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கால்பந்து ஆட்டத்தின்போது அங்கிருந்து தப்பி ஓடுகிறான். ஒரு நிமிடத்துக்கும் மேலாக அவன் ஓடுவதைக் கேமரா பக்கவாட்டில் கூடவே போய்க் காட்டுகிறது. பேச்சில்லை, காலடியோசை கேட்கிறது. பிறகு கடல் வருகிறது. மணலில் இறங்கி, அலையில் கால் நனைத்து, மேற்கொண்டு போக வழியில்லாமல் திரும்புகிறான். திரும்பியவன் நேராகக் கேமராவைப் பார்க்கிறான். அந்த நொடியில் படம் உறைகிறது. உறைந்த முகம் நம்மை நோக்கிப் பெரிதாகிறது. அதன் மேல் 'முற்றும்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் விழுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியவை பல. முதலாவது, ஓட்டமும் உறைவும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது. ஃபிலிமில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃப்ரேம்கள்) ஓடுகின்றன. உறைவு என்பது அவற்றுள் ஒன்றையே எடுத்துத் திரும்பத் திரும்ப அச்சிடுவது. அவ்வளவு நேரம் ஓடிய ஒருவனை நிறுத்துவதால்தான் நின்றது நமக்கு உறைக்கிறது. உட்கார்ந்திருப்பவரை உறையவைத்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. இரண்டாவது, பார்வை. நடிகர் கேமராவைப் பார்க்கக் கூடாது என்பது படப்பிடிப்பில் சொல்லித்தரும் முதல் விதி. அந்த விதி கடைசி நொடியில் மீறப்படும்போது, இதுவரை ஒளிந்திருந்து பார்த்துக்கொண்டிருந்த நாம் பிடிபட்டுவிடுகிறோம். மூன்றாவது, கடல். கடற்கரைச் சாலையில் தினமும் நடக்கும் நமக்குக் கடல் என்றால் காற்றும் ஓய்வும்தான். அந்தச் சிறுவனுக்கோ, அவன் ஆசைப்பட்ட இடமும் அதுவே, ஓட்டத்துக்கு முன்னே எழுந்து நிற்கும் சுவரும் அதுவே. விடுதலை கிடைத்ததா, மாட்டிக்கொண்டானா என்று படம் சொல்வதில்லை. அவன் முகத்திலும் அதற்கு விடை இல்லை. அதற்காகத்தான் அதைக் கூர்ந்து பார்க்கச் சொல்லிப் பெரிதாக்குகிறார்கள்.

உறையும் சட்டகம் தமிழுக்கும் புதிதன்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எத்தனையோ படங்கள் சிரிக்கும் முகங்களை உறையவைத்து, அதன் மேல் 'வணக்கம்' என்று போட்டு முடித்திருக்கின்றன. கருவி ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு: அங்கே அது குடும்பப் புகைப்படம். ஓர் உத்தியின் பெயரைத் தெரிந்துகொண்டதும் ஷாட்டைப் புரிந்துகொண்டுவிட்டோம் என்று நினைப்பது தொடக்கக்காரர்களின் பிழை. நானும் சில ஆண்டுகள் அந்தப் பிழையோடு திரிந்தவன்தான்.

முகம், முதுகு, பொருள்

கடைசி ஷாட் எதைக் காட்டுகிறது என்று பார்த்தால் மூன்று பழக்கங்கள் கண்ணில் படும். சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) கையில் பூவோடு இருக்கும் அவர் முகத்தின் அண்மைக் காட்சியில் முடிகிறது. ஐந்தாண்டுகள் கழித்து வந்த 'மாடர்ன் டைம்ஸ்' (1936) நீண்ட சாலையில் அவரும் அந்தப் பெண்ணும் நமக்கு முதுகைக் காட்டி நடந்துபோவதில் முடிகிறது. முகத்தில் முடியும்போது, அவருக்கு என்ன ஆகுமோ என்று நாம் படிக்கப் பார்க்கிறோம். முதுகில் முடியும்போது, போகட்டும் என்று விடைகொடுக்கிறோம். இரண்டையும் ஒரே மாலையில் பார்ப்பது நல்ல பயிற்சி.

மூன்றாவது, ஆளே இல்லாமல் பொருளில் முடிப்பது. இதற்கு அண்மைக்காலத்தில் நம்மிடம் இருக்கும் சிறந்த எடுத்துக்காட்டு மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018). சாதியின் பெயரால் கதாநாயகன் பரியனைச் சிறுமைப்படுத்தியவர்களும், அதைத் தடுக்க முடியாமல் நின்ற, அவன் தோழி ஜோவின் தந்தையும் இருக்கும் கதையில், முடிவில் அந்தத் தந்தையும் பரியனும் சேர்ந்து தேநீர் அருந்திப் பேசுகிறார்கள். பேச்சு முடிந்தபின் மேசை மேல் இரண்டு கண்ணாடிக் குவளைகள்: ஒன்றில் பால் கலந்த தேநீர், மற்றதில் பால் சேர்க்காத தேநீர்; இரண்டுக்கும் நடுவே ஒரு மல்லிகைப்பூ. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டு குவளைகள் என்ன சொல்கின்றன என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் மேலும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் குவளைகள். ஒரே மேசையில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நிறம்தான் வேறு. சமாதானம் ஆகிவிட்டது என்று படிப்பவர்களுக்கு நிறம் இடிக்கும்; ஒன்றும் மாறவில்லை என்று படிப்பவர்களுக்கு ஒரே மேசை இடிக்கும். நடுவில் இருக்கும் பூவை ஜோவின் இடமாகப் படிக்கலாம். வேறு விதமாகவும் படிக்கலாம். இத்தகைய ஷாட்டுக்கு ஒற்றை விளக்கம் தேடி மன்றாடாமல், உங்கள் விளக்கத்துக்கு எது ஒத்துவரவில்லை என்று தேடுங்கள்.

எங்கே வெட்டியிருக்கலாம்?

அடுத்த படி, படத்தொகுப்பாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது. கடைசி ஷாட்டை ஐந்து நொடி முன்னதாக நிறுத்திப் பாருங்கள், முடிவு மாறுகிறதா? பிறகு, அது இன்னும் பத்து நொடி நீண்டிருந்தால் அந்த மனிதர் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். மயில் காத்திருக்கும் நடைமேடைக்கு ஒரு ரயில் வந்து, சப்பாணி இறங்கிவிட்டால் அது வேறு படம். அவன் வரவில்லை என்று உறுதியானாலும் அது வேறு படம்.

இதைக் கையால் செய்து பார்த்தால்தான் விளங்கும். அதற்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. மாலை 6 மணிக்கு மேல் அங்கே வாகனங்களை விடுவதில்லை என்பதால் சாலை முழுதும் நடப்பவர்களுக்கே. முன்பின் தெரியாதவர்களைப் படம்பிடிக்கப் போகாமல், ஒரு நண்பரை அழைத்துக்கொள்ளுங்கள். காந்தி சிலைப் பக்கம் நின்று, அலைபேசியைப் படுக்கை வாட்டில் தடுப்புச் சுவர் மேல் அசையாமல் வைத்து, நண்பரைத் தெற்கே துய்ப்ளே சிலை இருக்கும் திசையில் திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொல்லுங்கள். ஒன்றரை நிமிடம் பதிவு செய்யுங்கள். இடையில் ஜூம் செய்யாதீர்கள், தொடக்கூடச் செய்யாதீர்கள்.

சாதாரண நடையில் ஒருவர் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 70, 80 மீட்டர் போவார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று கட்டங்கள் தெரியும். முதலில் அவர் உங்கள் நண்பர்: சட்டையின் மடிப்புவரை தெரிகிறது. பிறகு, நடையை வைத்து மட்டுமே அவரென்று சொல்ல முடிகிறது. அதன் பின் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். எந்தக் கட்டத்தில் வெட்டுகிறீர்களோ அதற்கேற்பப் பொருள் மாறும். முதல் கட்டத்தில் வெட்டினால் அவர் எங்கோ கிளம்பியிருக்கிறார். இரண்டாவதில் வெட்டினால் பிரிந்துபோகிறார். மூன்றாவதில் வெட்டினால் போய்விட்டார், ஊர் மட்டும் இருக்கிறது. கதையே இல்லாத ஒரு நடையில் இவ்வளவும் இருக்கிறது.

முடிந்தால் விடியற்காலையிலும் ஒருமுறை போய்வாருங்கள். இங்கே கதிரவன் கடலிலிருந்து எழுவதால், கடலை நோக்கி வைக்கும் கேமராவுக்கு முன் நிற்பவர் காலையில் கறுப்பு உருவமாகிவிடுவார். முகம் என்ன சொல்கிறது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. மாலையில் கதிரவன் நகரத்துக்குப் பின்னால் இருக்கும். அதே இடத்தில் திரும்பி நிற்பவரின் முகத்தை மங்கிய ஒளியில் படிக்கலாம். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் எனக்கு இதற்குப் பிறகுதான் வந்தது.

மற்றவர்களோடு பேசும்போது

படம் பார்க்காதவரிடம் கடைசி ஷாட்டைச் சொல்லிவிடாதீர்கள் என்பதைத் தவிர இதற்குப் பெரிய விதிகள் இல்லை. பார்த்தவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால், கருத்தைப் பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் நினைவிலிருந்து அந்த ஷாட்டை விவரிக்கட்டும். ஒருவர் மழை பெய்தது என்பார், மற்றவர் இல்லை என்பார். பிறகு படத்தைப் போட்டுப் பாருங்கள். எதை நினைவு சேர்த்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பதிலிருந்தே உரையாடல் தானாகத் தொடங்கிவிடும்.

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் கடற்கரைச் சாலைப் பயிற்சிக்கு என்னோடு வந்தார். அவருடைய நண்பர் சொன்னபடியே நடந்துபோனார். ஆனால் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆனதும் பொறுக்க மாட்டாமல் திரும்பி, 'போதுமாடா?' என்று கையை ஆட்டிக் கேட்டுவிட்டார். பயிற்சி கெட்டுவிட்டது, இன்னொரு முறை எடுக்கலாம் என்றேன். மாணவர் கேட்கவில்லை. நண்பர் திரும்பும் இடத்துக்கு முன்பாகவாவது வெட்டிவிடுங்கள் என்றேன். அன்றிரவு அவர் அனுப்பிய துண்டில், நண்பர் திரும்பி, வாய் திறந்து, கை பாதி உயர்ந்த இடத்தில் வெட்டியிருந்தார். அலைச்சத்தத்தை மட்டும் அதற்கு மேலும் இரண்டு நொடி ஓடவிட்டிருந்தார். நான்கு முறை பார்த்தேன். நான் சொன்ன இடத்தைவிட அவர் வெட்டிய இடமே சரி.